நான் பார்க்காத கோயில்

இப்போது அகதி விசாரணைகள் கணினித் திரையில் நடக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் மிசிசாகாவில் தன் படுக்கையறையில், மேலே கோட்டும் கீழே பிஜாமாவுமாக இருக்கிறார். அகதிக் கோரிக்கையாளர் ஸ்காபரோவில் மருமகளின் சமையலறையில் இருக்கிறார். தீர்ப்புச் சொல்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பது நாகரிகமில்லை. சென்ற மாதம், இந்த வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் மூன்று பேர் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்பெல்லாம் எல்லோரும் ஒரே அறைக்குள் இருப்பீர்களாமே, அது எப்படி இருந்தது என்று ஒருத்தி கேட்டாள். குளிராக இருந்தது என்று சொன்னேன். சிரித்துவிட்டு, ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போனபின் யன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக எதையாவது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அந்த அறை ஞாபகம் வரும். அந்த அறை ஞாபகம் வந்தால் அதற்குள்ளிருந்து யாழ்ப்பாணம் வரும். அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்லியிருக்கலாமே என்று மனம் அரித்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அறையில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். அனுமதி கேட்கக்கூடியவர்களிடம் கேட்டும் இருக்கிறேன்.

பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் நாள் முழுக்க இலக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பரீட்சை எழுதினேன், சில நாள் வகுப்புக்குப் போனேன், ஒரு சத்தியம் செய்தேன். மிச்சமெல்லாம் இலோனா சொல்லித் தந்தது.

இலோனா எங்கள் பொறுப்பாளர். சின்ன வயதில் ஹங்கேரியிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவராம். மெலிந்த பெண், எப்போதும் சாம்பல் நிறச் சட்டை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். பாராட்டு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வேலையைச் சரியாகச் செய்தவருக்கு அடுத்த கோப்பைக் கையில் கொடுப்பார்.

அவர் சொல்லித் தந்த முறை இதுதான். எல்லோருக்கும் முன்னால் அறைக்குப் போகவேண்டும். கோரிக்கையாளரின் கதிரைக்குப் பக்கத்தில், ஒரு சாண் பின்னுக்கு, எங்கள் கதிரையைப் போடவேண்டும். அப்போதுதான் அவர் எங்களைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவரைப் பார்த்துப் பேசுவார். தீர்ப்புச் சொல்பவரை எங்கள் அகதிச் சபையில் உறுப்பினர் என்பார்கள். கோரிக்கையாளர் "நான் ஓடினேன்" என்றால் நாங்களும் ஆங்கிலத்தில் "நான் ஓடினேன்" என்றே சொல்லவேண்டும். "இவர் ஓடினாராம்" என்று சொன்னால் கண்ணாடி மேசைக்கு வரும். எங்களுக்கே ஏதாவது சொல்லவேண்டியிருந்தால், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல, "மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை" என்று சொல்லவேண்டும். அறைக்குள் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் மற்ற மொழிக்குப் போகவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கோரிக்கையாளரோடு லிஃப்டில் பேசக்கூடாது, சாப்பிடக்கூடாது, முடிவு என்னவாயிற்று என்று பிறகு விசாரிக்கவும் கூடாது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இலோனா இடம் வைத்திருந்தார். விசாரணை தொடங்குமுன், மேசையில் இருக்கும் போத்தலிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை எங்கள் கையால் ஊற்றிக் கோரிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும். "தண்ணீர் ஊற்றும்வரை நீ ஓர் ஆள். உட்கார்ந்த பிறகு நீ இல்லை" என்பார். அந்த நேரத்தில்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்வோம். மழை, பஸ், காலைச் சாப்பாடு. அதற்கு மேல் பேச அனுமதியில்லை.

இப்படி ஆண்டுக்கணக்காக மற்றவர்களின் "நான்" ஆக இருந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று இலோனா சொல்லித் தரவில்லை. பகலில் சோபாவில் கண்ணயர்ந்தால் நான் வளர்க்காத ஓர் ஆட்டைத் தேடிக்கொண்டு எழும்புவேன். பஸ்ஸில் வரும்போது நான் ஒருபோதும் குடியிருக்காத வீட்டின் கிணற்றுக் கப்பி காதுக்குள் சத்தம் போடும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது என் கணவர் தேத்தண்ணியை நீட்டியபடி, "இண்டைக்கு ஆராய் வந்திருக்கிறீர்?" என்று கேட்பார். அவருக்கு அது பகிடி. எனக்குச் சில நாட்களில் பதில் தெரியாமல் இருக்கும்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது இராணுவம் கோட்டைக்குள் இருந்தது. பிறகுதான் நகரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. அந்த யாழ்ப்பாணத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ரொறன்ரோவில், ஏரியைப் பார்த்த யன்னல் உள்ள ஓர் அறையில், ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு துண்டாக அதை எடுத்து என் தலைக்குள் கட்டிக்கொண்டேன். சந்திகளில் மணல் மூட்டை. வாசிகசாலையில் கம்பி. கேணிப்படியில் காயும் பச்சைச் சீருடைகள். அரசமரம் இருந்த இடங்களில் எல்லாம் ஒரு காலையில் திடீரென்று முளைத்துவிடும் புத்தர். அந்த நகரத்தில் நான் இராணுவப் பாஸ் இல்லாமல், யாரும் மறிக்காமல், வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் நடந்து திரிந்தேன்.

அந்த நகரத்தில் தேவாலயம் ஒன்று உண்டு. கரையோரப் பங்கு ஒன்றில் கோயில் வேலை பார்த்த ஒரு கிழவர் கொண்டுவந்தது. மணிக்கூண்டில் காவலுக்கு இருந்த சிப்பாய்ப் பையனுக்கு மணி அடிப்பதில் ஆசை வந்துவிட்டதாம். கிழவரைக் கிட்ட விடாமல் தானே அடிப்பானாம், நினைத்த நேரமெல்லாம். ஊர்க் கிழவிகள் எப்போது மணி கேட்டாலும் செபம் சொல்லிவிடுவார்களாம், பகல் பதினொரு மணிக்கும் அந்திச் செபம். அறையில் எல்லோரும் சிரித்தோம். கிழவரும் சிரித்தார். அதே கூண்டிலிருந்து பிறகு யாரைச் சுட்டார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் மாறவேயில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பள்ளிவாசல் ஒன்று உண்டு. அது ஒரு முஸ்லிம் தையல்காரர் கொண்டுவந்தது. தமிழ்ப் போராளி இயக்கம் முஸ்லிம்களைக் கட்டிய துணியோடு நகரத்தை விட்டு வெளியேற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இராணுவம் நகரத்தைப் பிடித்த பிறகு அவர் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார். தொழுமுன் கை கால் கழுவும் தொட்டிக்குள் ஆள் உயரத்துக்கு ஆமணக்கு நின்றதாம். யார் வெளியேற்றியது என்று உறுப்பினர் கேட்டார். தையல்காரர் திரும்பி என்னைப் பார்த்து, "உங்கட ஆக்கள்" என்றார். நான் ஆங்கிலத்தில் "உங்கள் ஆட்கள்" என்று உறுப்பினரைப் பார்த்துச் சொன்னேன். உறுப்பினர் திடுக்கிட்டுப்போனார். "கோரிக்கையாளர் குறிப்பிடுவது மொழிபெயர்ப்பாளரின் ஆட்களை" என்று விளக்கம் கொடுத்தேன். மூன்றாம் ஆளாகப் பேசுவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. வெட்கம் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும்.

இனிப் பாக்கியத்தின் கதை.

அவர் வந்த காலையில் ஏரியிலிருந்து எழுந்த பனிப்புகார் யன்னலை முழுதாக மூடியிருந்தது. கட்டடம் தரையில் இல்லாமல் எங்கோ மிதப்பதுபோல இருந்தது. அறுபது வயது கடந்தவர். தமையனின் மகள் வாங்கிக் கொடுத்த பெரிய குளிர்ச்சட்டைக்குள் சின்னதாக உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். புட்டுச் சாப்பிட்டேன் என்றார். என் பேச்சு விளங்குகிறதா என்றேன், தெளிவாக இருக்கிறது என்றார். பிறகு முகம் மலர்ந்து, "பிள்ளை எவடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இலோனாவின் முறையில் இடமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மனிசி ஒருத்தி எவடம் என்று கேட்டு, பதில் சொல்லாமல் இருந்தால் அது முகத்தில் அடித்த மாதிரி. ஊரின் பெயரைச் சொன்னேன். அந்த ஊரைச் சொன்னால் அதில் எந்தப் பக்கம் என்றும் சொல்வது எங்கள் வழக்கம், வாய் தானாகவே சொல்லிவிடும். கோயில் வடக்கு வீதி என்றேன், அது யார் குடியிருக்கும் வீதி என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டே கிளாஸில் தண்ணீரை ஊற்றி நீட்டினேன்.

பாக்கியத்தின் இரண்டு கைகளும் சேர்ந்து, குழிந்து, வாய்க்குக் கீழே உயர்ந்தன.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் வீட்டு வாசலில் சிலர் தண்ணீர் கேட்டால் அப்படித்தான் நிற்பார்கள். வீட்டார் செம்பை அவர்கள் கையில் கொடுக்கமாட்டார்கள். உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், அவர்கள் கையேந்திக் குடிப்பார்கள். குழந்தையாக இருக்கும்போது அது எனக்கு ஒரு விளையாட்டைப்போலத் தெரிந்தது. இப்போது, லிஃப்ட் ஏறிவந்த ஓர் அறையில், கனடாக் கொடிக்குக் கீழே, அந்தக் கைகள் தாமாகவே எழுந்தன. மறுகணம் பாக்கியம் தன் கைகளைப் பார்த்தார், கீழே இறக்கினார், கிளாஸை வாங்கி மேசையில் வைத்தார். விசாரணை முழுவதும் அதை அவர் தொடவேயில்லை.

அவர் கதை இதுதான். நகரத்தின் கரையோரம் பாதுகாப்பு வளையம் என்று இராணுவம் ஒரு பெரிய நிலப்பரப்பைக் கம்பி போட்டு அடைத்தது. உள்ளே ஒரு பழைய கோயில். சனம் எல்லாம் ஓடிவிட்டது. பாரிசவாதத்தில் படுத்துவிட்ட கணவனை விட்டு ஓட முடியாமல் பாக்கியம் வளையத்தின் விளிம்பிலேயே இருந்தார். முகாமில் சீருடைகளைத் தோய்க்கச் சொன்னார்கள், தோய்த்தார். அதனால் மற்றப் பக்கத்தாருக்கு, இயக்கத்துக்கு, அவர் காட்டிக்கொடுக்கிறவர் ஆகிவிட்டார். அவருடைய ஒரே மகனை இராணுவம் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனது, அவன் திரும்பி வரவில்லை. கணவன் இறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இவரைத் தேடத் தொடங்கினார்கள். இங்கே மறுத்தால் அவர் திரும்பிப் போகவேண்டியது அவர்களிடம்தான்.

வீடு தரைமட்டம், கடுதாசி ஒன்றும் மிச்சமில்லை. அந்த வளையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர் என்பதற்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. தன் வாக்குமூலத்தில், எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயிலுக்கு வேலை செய்தது என்று சொல்லியிருந்தார். உறுப்பினர் அதைப் பிடித்துக்கொண்டார். மோசமான மனிதர் இல்லை. பொறுமையானவர், கேள்வியை அவசரப்படுத்தமாட்டார். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடவும்மாட்டார். சண்டைக்கு முன்னர் எடுத்த அந்தக் கோயிலின் படங்கள் அவர் முன்னால் இருந்தன.

பெரிய வாசலால் உள்ளே போனால் முதலில் என்ன இருக்கும் என்று கேட்டார். பாக்கியம் பேசவில்லை. மண்டபத்துத் தூண்களில் என்ன இருக்கும்? பேசவில்லை. மூலஸ்தானத்துக்கு வலப்பக்கம் எந்தச் சாமி? பாக்கியத்தின் வாய் திறந்து மூடியது. பிறகு, கேட்காத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். திருவிழாவுக்கு மண்டபம் முழுக்க வெள்ளைத் துணி கட்டவேண்டும். அவ்வளவு வெள்ளையும் அவர்கள் வீட்டில்தான் தோய்த்து வெளுத்துக் காயும். சந்தனக் கறை போய்விடும், விளக்குப் புகைக் கறை போகாது, அதற்கு இரண்டு முறை அவிக்கவேண்டும். நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் வெளுத்தேன். நான் அவித்தேன்."

உறுப்பினர் பேனாவை வைத்தார். தலைமுறை தலைமுறையாக ஒரு கோயிலுக்கு வேலை செய்தவர் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாமல் இருப்பது தனக்கு விளங்கவில்லை என்றார். அதையும் நான் தமிழில் பாக்கியத்துக்குச் சொன்னேன். அவர் தலை குனிந்தது. அவருடைய லோயர் ஒரு சின்னப் பெண், இந்த நாட்டிலேயே பிறந்தவள். கடுதாசிக் கட்டைப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இடைவேளை கேட்டாள், கொடுத்தார்கள்.

நடைவழியில் ஒரு வாங்கில் தனியாக உட்கார்ந்தேன். யன்னலுக்கு வெளியே நகரம் இல்லை, புகார்தான் இருந்தது. அந்தப் புகாருக்குள் எனக்கு அந்தக் கோயில் தெரிந்தது. வெளிமதில், பெரிய கதவு, கதவுக்கு வெளியே வெள்ளைத் துணி மூட்டையோடு ஒரு பெண். உள்ளிருந்து ஒரு கை வந்து மூட்டையை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். துணிக்கு உள்ளே போக உரிமை இருந்தது, தோய்த்தவளுக்கு இல்லை. நாங்கள் கோயில் ஆட்கள் என்று அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதை அவர் விளக்கமாட்டார், நான் பக்கத்தில் இருக்கும்வரை விளக்கமாட்டார், ஏனென்றால் உள்ளிருந்து வந்த கை எங்கள் வீட்டுக் கை.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். லோயரிடம் போய்க் காதில் சொல்லலாம். அது விதிக்கு விரோதம், அத்தோடு போகாது. அந்த மனிசி வாழ்நாள் முழுக்க யாருக்கும் சொல்லாமல் கடல் கடந்து கொண்டுவந்து மறைத்து வைத்திருப்பதை நான் யார் எடுத்து மேசையில் போட? நான் பேசாமல் இருந்தால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் தெரிந்தது. அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொல்வது.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார் என்றேன். உறுப்பினர் தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளர் இந்த வழக்கிலிருந்து விலக விரும்புகிறார் என்றேன். காரணம் கேட்டார். என் ஆங்கிலம் ஒருநாளும் அவ்வளவு தடுமாறியதில்லை.

"யாழ்ப்பாணத்தில் சாதி இருக்கிறது. கோயில் கதவை யாருக்குத் திறப்பது, யாருக்குப் பூட்டுவது என்று முடிவு செய்த சாதியில் பிறந்தவர் மொழிபெயர்ப்பாளர். அவர் பக்கத்தில் இருக்கும்போது, கோயிலைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியாது."

அறைக்குள் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் மற்ற மொழிக்குப் போகவேண்டும். நான் பாக்கியத்தின் பக்கம் திரும்பி, அதே சொற்களை அவருக்குத் தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் தள்ளி நின்ற வெட்கம் தமிழில் முழுசாக வந்து என் மடியில் உட்கார்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குளிர்ச்சட்டையின் விளிம்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உறுப்பினர் நெடுநேரம் எதையோ எழுதினார். விசாரணையை ஒத்திவைப்பதாகவும், இன்னொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படியும் சொன்னார்.

இலோனாவின் அறைக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கண்ணாடி மேசையில் இருந்தது. அவளைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன். கண்ணாடி இல்லாத கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சின்னப் பிள்ளையாக ஓர் எல்லையைக் கடந்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த கோப்பை எடுத்துத் தந்தார்.

நம்மவர்கள் அப்படி விடவில்லை. எங்களுக்குள் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், ஊரில் வாத்தியார். அவரைக் குமாரதாசன் மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைவழியில் என்னை மறித்து, "உதையெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சொல்லித்தான் ஆகவேணுமே? இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்?" என்றார். தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. சில லோயர் கந்தோர்களிலிருந்து என்னைக் கேட்டு வரும் அழைப்புகள் குறைந்தன. ஒரு கலியாண வீட்டில் என் மேசையில் ஓர் இருக்கை காலியாகவே இருந்தது. எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பாக்கியத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எங்கள் விதி இடம் தராது. கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோயில் என்னை விட்டுப் போகவில்லை. பகல் தூக்கத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். மதில் முடியாது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. மதிலுக்கு மேலால் வெள்ளைத் துணிகள் காற்றில் எழும்பி எழும்பித் தாழும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எழும்புவேன், அது பக்கத்து வீட்டுக்காரனின் பனி வழிக்கும் மெசினாக இருக்கும். அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றுதான் ஆண்டுக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். முன்பு கம்பளம் விற்ற களஞ்சியம் அது. பூசைக்கு நேரம் இருந்தது. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிழவி ஒருவர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது. குளிர்ச்சட்டை இல்லாமல் பட்டுச் சேலையில் பாக்கியம் நல்ல உயரமாகத் தெரிந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏற்றுக்கொண்டார்களாம். குடியுரிமையும் எடுத்துவிட்டாராம். இரண்டாம் முறை மொழிபெயர்க்க வந்தது தமிழ்நாட்டுப் பையன். அவர் சொன்னதில் பாதி அவனுக்கு விளங்காமல் திருப்பித் திருப்பிக் கேட்டானாம். "பாவம், நல்ல பொடியன். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அதாலை எல்லாத்தையும் சொன்னன்" என்றார்.

உள்ளே விடமாட்டார்கள் என்பதைச் சொன்னீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"அதில்லை. உள்ளுக்குப் போனனான் எண்டு சொன்னன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார், சாமியைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல். ஐயர் ஓடிவிட்டார். ஊரும் ஓடிவிட்டது. கோயில் பூட்டு உடைந்து கிடந்தது. முகாமில் இருந்த ஒரு சிப்பாய்க்குப் பிள்ளையார்மேல் பக்தியாம். விளக்கு வைக்கவேண்டும், உள்ளே வௌவால் எச்சமாக இருக்கிறது, போய்க் கூட்டு என்று அவருக்குக் கைச்சாடை காட்டினானாம்.

"அவனுக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்து உள்ளுக்குப் போ எண்டான். போனன். கூட்டினன். கழுவினன். வளையத்தை அகட்டி எங்களைக் கலைக்கிற மட்டும் ஒவ்வொரு நாளும் நான்தான் விளக்கு வைச்சனான். என்ரை பிள்ளையைக் கொண்டுபோனதும் அவங்கள்தான், என்னை உள்ளுக்கு விட்டதும் அவங்கள்தான். இதை உங்களுக்குப் பக்கத்திலை இருந்து எப்பிடிச் சொல்லுறது?"

தூண்களில் என்ன இருந்தது, வலப்பக்கம் எந்தச் சாமி, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உறுப்பினர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் அன்று தலை குனிந்திருந்திருக்கிறார். அவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்று நினைத்து, அந்த நினைப்போடு இத்தனை காலம் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தது நான்.

மூலஸ்தானத்துக்குள்ளும் போனீர்களா என்று கேட்டேன். போகாமல் எப்படி விளக்கு வைப்பது என்றார். எங்கள் ஊர்க் கோயிலில் எங்கள் வீட்டார் யாரும் மூலஸ்தானத்துக்குள் போனதில்லை, ஐயர் மட்டும்தான், நாங்கள் எல்லோரும் திரைக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதுதான் என்று அவருக்குச் சொன்னேன். அது அவருக்குப் புதிய செய்தி. நான் கேட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டேன், உள்ளே எப்படி இருந்தது என்று.

"சின்ன இடம், பிள்ளை" என்றார் பாக்கியம். "எங்கட குசினியிலும் சின்னது. ஒரு ஆள் நிண்டு திரும்பேலாது." பிறகு என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதைப்போலக் கேட்டார். "உந்தச் சின்ன இடத்துக்கோ எங்களை வெளியிலை வைச்சிருந்தனியள்?"

பூசை மணி அடித்தது. எல்லோரும் எழும்பி முன்னால் நெருங்கினார்கள். பாக்கியமும் சுவரைப் பிடித்து எழும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.